முப்பத்தி நாலாவது நிமிஷம்

"நிஜமாவே முழுசா கேட்டுட்டுத்தான் எழுதினீங்களா?" என்றாள் மனைவி, என் விமர்சனத்தைப் படித்துவிட்டு.

"பின்னே? கேக்காமலா எழுதுவாங்க?"

ஆல்பம் நாற்பது நிமிடம். நான் கேட்டது மூன்று.

பகலில் நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. மற்ற நேரத்தில் இசை விமர்சகர். யாரும் நியமிக்கவில்லை, நானே பதவியேற்றுக்கொண்டேன். வீட்டிலிருந்தபடி தாங்களே இசையமைத்து, தாங்களே இணையத்தில் வெளியிடுகிறார்களே, அவர்களுடைய புது ஆம்பியன்ட் ஆல்பங்களைப் பற்றி வாராவாரம் என் வலைப்பக்கத்தில் எழுதுவேன்.

ஆம்பியன்ட் என்றால் பாட்டு இருக்காது, தாளம் இருக்காது. மெதுவாக ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். "நம்ம ஃப்ரிட்ஜ் மாதிரி" என்பாள் மனைவி. அவளுக்கு ரசனை போதாது என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாரத்துக்கு முப்பது ஆல்பமாவது வரும். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். அதனால் மூன்று நிமிடம் இசை, மிச்சமெல்லாம் மேதாவித்தனம்.

அந்த வாரம் 'ஏழாம் கட்டில்' என்ற புனைபெயரில் யாரோ ஒன்று அனுப்பியிருந்தார்கள். ஒரு ரீங்காரம், நடுநடுவே 'டக்... டக்...' அவ்வளவுதான். நான் எழுதினேன்:

'ஏதோ ஆஸ்பத்திரி மெஷின் ஓடுவதுபோல் இருக்கிறது. நாற்பது நிமிடமும் இதே கதை. தூக்கம் வராதவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களின் கொட்டாவிக்கு நான் பொறுப்பல்ல.'

பதினேழு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, வலைப்பக்கத்தில் போட்டிருந்த என் நம்பருக்குப் போன் வந்தது.

"சார், நான் ஏழாம் கட்டில் பேசறேன்."

பெண் குரல். நான் சண்டைக்குத் தயாரானேன்.

"சொல்லுங்கம்மா. கலைன்னு வந்துட்டா நாலு பேர் நாலு விதமா..."

"ஐயோ, அதுக்கில்ல சார். நன்றி சொல்லத்தான் பண்ணேன். மத்தவங்க எல்லாம் கடல், காத்து, விண்வெளின்னு எழுதினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஆஸ்பத்திரி மெஷின்னு சரியா சொன்னீங்க. அது டயாலிசிஸ் மெஷின் சார். எங்கப்பாவுக்கு வாரத்துல மூணு நாள், நாலு வருஷம். எப்பவும் ஏழாம் நம்பர் கட்டில்தான். பக்கத்துல உக்காந்து போன்ல பதிவு பண்ணினேன்."

"அப்பா இப்போ...?"

"போன வருஷம் தவறிட்டார் சார்."

கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"இன்னொண்ணு சார். முப்பத்தி நாலாவது நிமிஷத்துல வர்றதை நீங்க எழுதவே இல்ல. கேக்கறவங்க அவங்களாவே கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னுதானே விட்டுட்டீங்க?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே!

"ஆமாம்மா. அதையெல்லாம் போட்டு உடைக்கக் கூடாது. விமர்சகனுக்குன்னு ஒரு பொறுப்பு இருக்கு இல்லையா?"

"பெரிய மனசு சார் உங்களுக்கு." வைத்துவிட்டாள்.

டிபன் பாக்ஸை மூடினேன். பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்குப் போய், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். நேராக அந்த நிமிடத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்க மனம் வரவில்லை. முதலிலிருந்தே கேட்டேன்.

முப்பத்தி நாலாவது நிமிடம் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு இருமல். வயதானவர் குரல்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுப்பா."

"இவ்வளவு நேரமும் இந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தியா? ரொம்ப போர் அடிச்சிருக்குமே உனக்கு."

"இல்லப்பா. நல்லாத்தான் இருந்தது."

அப்புறம் ஆறு நிமிடத்துக்கு இரண்டு ஜோடி செருப்புச் சத்தம். நீளமான ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், ரொம்ப மெதுவாக, நின்று நின்று, இரண்டு பேர் வீட்டுக்குக் கிளம்பிப் போகிறார்கள். அவ்வளவுதான்.

"என்ன சார், இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கீங்க?" என்றார் ஃபைல் தேடி வந்த மேனேஜர்.

"தூசி சார்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவளும் ஹெட்போனை வாங்கி நாற்பது நிமிடமும் கேட்டாள். ஃப்ரிட்ஜ் என்று சொல்லவில்லை.

"முதல்ல அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

விமர்சனத்தை வலைப்பக்கத்திலிருந்து நீக்கிவிட்டுப் போன் செய்தேன்.

"அம்மா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். அந்த விமர்சனம் எழுதினப்போ நான் மூணு நிமிஷம்தான் கேட்டிருந்தேன். இன்னிக்குத்தான் முழுசா கேட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் மெல்லச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும் சார். நாங்க அனுப்பற லிங்க்ல யார் எவ்வளவு நேரம் கேட்டாங்கன்னு அந்த சைட்டே எங்களுக்குக் காட்டும். உங்க பேருக்கு நேரா மூணு நிமிஷம்னுதான் இருந்தது. சண்டை போட்டா நீங்க மிச்சத்தைக் கேக்க மாட்டீங்கன்னுதான் சார், நன்றி சொன்னேன்."