பெரியவர் வந்திருக்கிறார்

வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்தில், முன்பே அங்கு வந்துவிட்ட கணவனோடு கூலி வேலை செய்ய, நாமகிரி மலையேறி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பொழுது சாயக் கைக்குழந்தையோடு அலுத்துப்போய் வந்தவளை, மலையிலேயே பிறந்த மாதம்மாள் வழிமறித்தாள்.

"பெரியவரு உன் ஊட்டுப்பக்கந்தான் சுத்திக்கிட்டு இருக்காரு. சூதானமா இரு கண்ணு."

நாமகிரி வீட்டுக்கு ஓடினாள். 'வேலை வேலைன்னு என் பேரனைப் பட்டினி போட்டா, வந்து தூக்கிட்டுப் போயிருவேன்' என்று மிரட்டியிருந்தவர் மாமனார்.

கதவை விரியத் திறந்து வைத்தாள். வந்ததும் கண்ணில் படட்டும் என்று குழந்தையைக் கழுவி, பாலூட்டி, வாசலுக்கு நேரே பாயில் கிடத்தினாள். கருவாட்டுக் குழம்பு கொதித்தது.

வாசல் இருட்டில் செருமல் கேட்டது.

"உள்ள வாங்க மாமா."

மறுபடியும் செருமல்தான். கோபம் போல.

சொந்த ஊரான சேந்தமங்கலத்துக்குப் போயிருந்த கணவன் பழனிமுத்து, உப்பு மூட்டையோடு பின்கதவு வழியாக வந்தான்.

"மெதுவாப் பேசுங்க. உங்கப்பா வாசல்ல நிக்கிறாரு."

"அப்பனா? காலு சுளுக்கிக் கட்டில்ல கெடக்கறாரு. பாத்துட்டுத்தான வாரேன்."

"பெரியவரு வந்திருக்காருன்னு மாதம்மாக்கா சொன்னாங்களே."

உப்பு மூட்டை அவன் கையை விட்டு நழுவியது.

"அடிப் பாவி, புலி பேர இந்த மலையில சொல்ல மாட்டாங்க. பெரியவருன்னுதான் சொல்லுவாங்க."

நாமகிரி திரும்பினாள். பாயில் கிடந்த குழந்தை, வாசலைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.