மணியை மட்டும் தொடாதீங்க மேடம்

“எத்தனையோ கம்பெனி பார்த்துட்டேன் முனியராஜ். இப்படி ஓடினவங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை.”

ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஸ்ரீமதி மேடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். போர்மேன் முனியராஜ் தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் சென்னைக்காரர். பட்டாசுக் கம்பெனிகளில் பாதுகாப்புக் கலாச்சாரம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று அளந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவது அவர் வேலை. அந்த மார்க்கைப் பார்த்துத்தான் இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் தருவேன் என்று வடநாட்டு வியாபாரி போனில் சொல்லிவிட்டார். முதலாளி லட்சுமிகாந்தம் அதை அப்படியே முனியராஜ் தலையில் இறக்கி வைத்துவிட்டார்.

“மார்க் கொறஞ்சா ஆர்டர் போயிரும்யா. ஆர்டர் போனா நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

நாளைக்கு வருவதாகச் சொன்ன மேடம் இன்றைக்கே தாயில்பட்டி ரோட்டில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினால், ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

“ஜீப் உள்ள வந்து நிக்கிறதுக்குள்ள மொத்தக் கம்பெனியும் காலி. தூசிதான் தெரிஞ்சது” என்றார் மேடம். “ஒருத்தராவது சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பினாங்களா? ஒரு அம்மா அந்தக் கல்லுக்கால் வேலியையே தாண்டிக் குதிச்சாங்க. நான் அசந்துட்டேன்.”

“அது கருப்பம்மா, மேடம். நல்லாக் குதிக்கும்.”

“இந்த ஆபத்துக்கால ஒத்திகையை எப்பெப்ப நடத்துறீங்க?”

முனியராஜ் பொய்யே சொல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சொன்ன பொய் அவருக்கு மறுநிமிடமே மறந்துவிடும். ஆகவே கூடியவரைக்கும் உண்மையை ஒட்டியே போனார்.

“இன்ன கெளமைன்னு கெடையாது மேடம். திடீர்னு வரும். வந்தா ஓடீரணும்.”

“முன்னறிவிப்பே இல்லாம. அதுதான் சரியான முறை.” மேடத்தின் பேனா வேகமாக ஓடியது. “ஓடி எங்கே போய் நிக்கணும்?”

“பின்னால ஓடை இருக்கு. அதுக்கு அங்கிட்டு கருவேலங்காடு. உள்ள போயிட்டா ஆளே தெரியாது.”

“அவ்வளவு தூரமா? மத்த கம்பெனியில எல்லாம் கேட்டுக்குப் பக்கத்துலயே நின்னு கதை பேசுறாங்க. சரி, கூப்பிடுங்க. எல்லாரையும் பாராட்டணும்.”

“இப்ப வர மாட்டாக மேடம். நீங்க கெளம்பி...” முனியராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஆபத்து போயிருச்சுன்னு நல்லாத் தெரிஞ்சாத்தான் வருவாக.”

மேடம் உள்ளபடியே நெகிழ்ந்துபோயிருந்தார்.

“விதியைச் சுவத்துல எழுதி வைக்கிறது வேற முனியராஜ். அது உடம்புல ஊறிப்போறது வேற. நான் ஊர் ஊரா அளந்துட்டு வர்றது அதைத்தான்.”

சுவரிலும் எழுதித்தான் இருந்தது. வெடிமருந்து செலுத்தும் அறைகளின் வாசலில் எல்லாம், ‘நான்கு பேர் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில், சிவப்புப் பெயிண்டில். மேடம் ஓர் அறைக்குள் எட்டிப் பார்க்கப் போக, முனியராஜ் குறுக்கே பாய்ந்து ஒரு தம்ளர் மோரை நீட்டினார். வெயிலுக்கு நல்லது என்றார். அடுத்த அறைக்கும் அதே மோர்தான் காவல் நின்றது.

கடைசியில் மேடத்தின் பார்வை, ஆபீஸ் அறைக்கு முன்னால் தொங்கிய வெண்கல மணியில் போய் நின்றது.

“தொண்ணூத்தெட்டு போட்டுட்டேன். அந்த அபாய மணியையும் சோதிச்சுட்டா முழுசா நூறு. சத்தம் காடு வரைக்கும் கேக்குதான்னு பார்க்கணும்.”

“மணியை மட்டும் தொடாதீங்க மேடம்.”

“ஏன்?”

“குளவி கூடு கட்டியிருக்கு.”

மேடம் குனிந்து மணிக்குள் பார்த்தார். குளவியும் இல்லை, கூடும் இல்லை. கயிறு கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகியிருந்தது.

“அடிக்கடி அடிக்கிறீங்க போல.”

“ஆமா மேடம். சீசன்ல ரொம்ப அடிப்போம். எங்களுக்குத் தொண்ணூத்தெட்டே போதும். மொதலாளி சந்தோசப்படுவாரு.”

“இந்தத் தன்னடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிக்காதது” என்று சிரித்தபடியே மேடம் கயிற்றைப் பிடித்து இழுத்தார். டணடணவென்று மணி ஓடை தாண்டிப் போய்க் கேட்டது. முனியராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

கருவேலங்காடு அசைந்தது. முதலில் கருப்பம்மாள் வந்தாள். அவள் பின்னால் சேலையில் மாட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டும், விட்ட கதையைத் தொடர்ந்துகொண்டும் தேர் பார்த்துத் திரும்புகிற கூட்டம்போல ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கம்பெனியின் பின்பக்கமாக நுழைந்து, அவரவர் அறைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ‘நான்கு பேர் மட்டும்’ அறையில் பதினோரு பேர் இருந்தார்கள்.

மேடம் பதறிப்போய் அந்த வாசலுக்கு ஓடினார். “அபாய மணி அடிச்சா வெளியே ஓடணும்மா. நீங்க ஏன் உள்ளே வர்றீங்க?”

கருப்பம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வையில் பரிதாபம்தான் இருந்தது.

“வேலைக்குப் புதுசா தாயி? செக்கிங் ஜீப்பு வந்தாத்தான் ஓடணும். மணி அடிச்சா ஜீப்பு போயிருச்சுன்னு அர்த்தம். நின்னுக்கிட்டே இருக்காத, இங்கன இன்னொரு ஆளுக்கு எடம் கெடக்கு, வந்து உக்காரு.”