ஞாயிற்றுக்கிழமைப் பிரெஞ்சு

உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா?

கேள்வி பிரெஞ்சில் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

புரிந்ததுதான் வினை.

மடிக்கணினித் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். நர்ஸ் வேலைக்குப் போகவிருக்கும் பெண், தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். புதுமாப்பிள்ளை ஒருவர் தட்டுத் தடுமாறி இனிமேல்தான் என்று சொல்லி, எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார். இப்போது அவள் முறை. புதுச்சேரியிலிருந்து பாடம் எடுக்கும் ஜெர்மேன் டீச்சர் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் குமரவேல். அவள் மகன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவனுக்குக் கண் சொக்கியது. இயர்போனின் ஒரு முனை அவன் காதில், மறு முனை அவள் காதில்.

ரிட்டயர் ஆயிட்டே, எங்கே போகணும் சொல்லு என்று கேட்டவன் அவன்தான். காசியை எதிர்பார்த்தான். பிரான்ஸ் என்றாள். வாயைப் பிளந்தான். மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்துவிட்டான், இந்த வகுப்பிலும் அவளோடு சேர்ந்துகொண்டான், நல்ல பிள்ளை. அம்மா ஏதோ சினிமாவில் பார்த்து ஆசைப்படுகிறாள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அங்கே அவளுக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெற்ற பெண். சிஸ்டர்கள் நடத்திய இல்லத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். யாரோ புண்ணியவான்கள் கடல் தாண்டிக் கொண்டுபோய் வளர்த்தார்கள். புருஷனிடம் சொல்லவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனிடம் மட்டும், விமானம் ஏறுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

சொல்ல வாயெடுத்த போதெல்லாம் அது, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா என்று முடிந்தது.

தை மாதத்தில் இல்லத்துச் சிஸ்டர் அந்தப் பெண்ணின் குரலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். உங்களைப் பார்க்கணுமாம் என்று கீழே ஒரு வரி.

குரல் முழுக்கப் பிரெஞ்சு. யாரையாவது கேட்டிருக்கலாம். போனே மொழிபெயர்த்துவிடும் என்கிறார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பெற்ற பெண் பேசியதை இன்னொரு வாய் சொல்லியா கேட்பது?

முதலில் அது வெறும் சத்தமாக இருந்தது. பாடம் நகர நகர, இருட்டறையில் கண் பழகிச் சாமான்கள் தெரிவதுபோல ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்தது. போன வாரம் வானிலைப் பாடம். மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மறுபடி கேட்டாள். நடுவில் ஓரிடம் தானாகத் திறந்துகொண்டது.

இல் ப்ளோ.

மழை பெய்கிறது.

திட்டியிருப்பாள் என்று பயந்திருந்தாள். சபித்திருந்தாலும் சரிதான் என்று மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். அந்தப் பெண்ணோ, பெற்றவளிடம் முதன்முதலாகப் பேசும்போது, இங்கே மழை பெய்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

ஈரத் தலையோடு நின்று அழுதாள். அழுகையைவிட ஆச்சரியம்தான் தாங்கவில்லை.

தமிழில் இந்த விஷயத்துக்கு இருக்கிற சொற்களெல்லாம் யாரோ யாரையோ ஏசிய சொற்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவளால் மகன் முன்னால் எடுக்க முடியாது. பிரெஞ்சு அவளை இதுவரை ஒரு வார்த்தை ஏசியதில்லை. அதற்கு அவள் யாரென்றே தெரியாது.

மதாம், என்று டீச்சர் மெல்ல அழைத்தார்.

"ஜே தோஸான்ஃபான்."

எனக்கு இரண்டு குழந்தைகள்.

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. மேலே மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் தொண்டையைத் தாண்டாத ஒன்று, எனக்கு இரண்டு பேனா என்பதுபோல அவ்வளவு லேசாக வெளியே வந்து நின்றது. அவள் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குமரவேல் தூக்கம் கலைந்து சிரித்தான்.

"அம்மா, தோன்னா ரெண்டும்மா. ஒண்ணுக்கு அன். நான் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறேங்கிறதுக்காக ரெண்டு பிள்ளைன்னு சொல்லிடுவியா?"

மைக் திறந்திருந்தது. திரையிலும் சிரித்தார்கள்.

அவள் திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

தோஸான்ஃபான்.

யுன் ஃபீய். அன் கார்சோன்.

ஒரு பெண். ஒரு பையன்.

த்ரே பியான், ரொம்பச் சரி, என்று டீச்சர் கைதட்டினார். அடுத்த கட்டத்தில் இருந்தவரிடம் போய்விட்டார்.

குமரவேலின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. பிறகு இல்லை. அவள் முகத்தில் ஏதாவது விளையாட்டு இருக்கிறதா என்று தேடினான். மெதுவாக இயர்போனைக் காதிலிருந்து எடுத்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள்.

தமிழில் கேட்க அவனுக்கு எவ்வளவோ இருந்தது. எப்போது. யாருக்கு. அப்பாவுக்குத் தெரியுமா.

அவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டான். உதட்டை நனைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன்போல ஒவ்வொரு சொல்லாகக் கூட்டினான்.

"எல்... சப்பெல்... கொமான்?"

அவள் பெயர் என்ன?