மறுக்க முடியாத விரல்

வீரம்மா ஆபீஸ் வாசல் பைப்பில் கட்டைவிரலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தேய், நல்லா தேய்," என்றார் கணக்கப்பிள்ளை பிரதாப், ஜன்னலில் சாய்ந்தபடி. "கழுவிட்டா செஞ்சது இல்லன்னு ஆயிருமா?"

உள்ளே தோட்ட மேனேஜர் பெரிய துரையின் மேசையில் அந்த மெஷின் உட்கார்ந்திருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கொழும்புத் தலைமை ஆபீசுக்கு எதை அனுப்பினாலும் அதில் கட்டைவிரல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். விரல் பொருந்தினால் பச்சை எரியும். ஆளின் பெயரைச் சொல்லி வணக்கமும் வைக்கும். அந்த ஆபீசிலேயே மரியாதை தெரிந்த ஒரே உத்தியோகத்தர் அதுதான் என்று வீரம்மாவோடு கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

போன வாரம் வீரம்மாவின் பெயரில் அதிலிருந்து ஒரு செய்தி போயிருந்தது. 'சுயவிருப்பத்தின் பேரில் வேலையை விடுகிறேன். குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் திருப்பித் தருகிறேன்.' கூரைத் தகரம் கேட்டால் வருடக்கணக்கில் யோசிக்கிற கொழும்பு, இதற்கு மறுநாளே சம்மதித்துவிட்டது.

வீரம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். துணைக்கு வந்த பேச்சியம்மா கதவோரம் நின்றாள்.

"நான் அனுப்பலீங்க தொரை. காம்பராவ குடுத்துட்டு புள்ளைகளோட ரோட்டுலயா படுப்பேன்?"

"சார், இப்பிடிப் பேசுவாங்கன்னுதான் இந்த மெஷினையே வாங்குனது," என்றார் பிரதாப். தானே கண்டுபிடித்தவர் போல அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "கடுதாசின்னா என் கையெழுத்து இல்லம்பாங்க. போன்னா என் கொரல் இல்லம்பாங்க. இதுல தப்ப முடியாது. எவன் வெரலு பட்டுச்சோ அவன்தான் அனுப்புனவன். கோர்ட்டுக்குப் போனாலும் இதான்."

"கொழுந்து நிறுக்கையில எடையக் கொறைக்க தராசுக்கு அடியில கால குடுத்தீங்களே, அதுக்கு ஒரு மெஷின் இல்லீங்களா ஐயா?" என்றாள் பேச்சியம்மா. "அத இவ கேட்டா. மறுவாரமே இவளுக்கு வேல வேணாம்னு தோணிருச்சாம்."

"நீ வாய மூடு."

"எனக்கு அது ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லீங்க," என்றாள் வீரம்மா. "பதியிற அன்னைக்கே செவப்புதான் எரிஞ்சிச்சு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. நீ போ, நான் பாத்துக்கிறேன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க."

"பாத்துக்கிட்டேன்ல? ஒரு ஆள் விடாம பதிஞ்சாச்சுன்னு கொழும்புல இருந்து எனக்குப் பாராட்டே வந்துச்சு சார்."

"சரி, இப்ப வைக்கச் சொல்லுங்க," என்றார் துரை.

வீரம்மா வைத்தாள். சிவப்பு. இன்னும் அழுத்தி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"வேணும்னே சரிச்சு வைக்கிறா சார். நடிப்பு." டயகம மலைக் குளிரிலும் பிரதாப்புக்கு வியர்த்திருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

"மெஷின் கண்ணாடியில சவுக்காரத் தண்ணி இருக்கு போல. தொடச்சிட்டு வைக்கச் சொல்லுங்க," என்றார் துரை.

பிரதாப் வீரம்மாவை முழங்கையால் ஒதுக்கினார். கொழுந்து பறிக்கிறவள் தொட்ட இடத்தில் தன் கைக்குட்டையை அழுக்காக்க அவருக்கு மனம் வரவில்லை. கட்டைவிரலாலேயே கண்ணாடியை அழுத்தி ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

பச்சை எரிந்தது.

"வணக்கம், வீரம்மா," என்றது மெஷின்.