சம்பந்திக்கு நாலு புல்

மலையுச்சி ஓட்டலில் சம்பந்திக்கு வயிறு நிறையவில்லை. பெண்ணைக் கொடுத்த எருமைக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

அகலமான தட்டு. நடுவில் நாலே நாலு புல்.

"என்னய்யா இது? மிச்சம் எங்கே?" என்று எருமை சீறியது.

ஓட்டல்காரப் பருந்து இறக்கையால் ஜன்னலைக் காட்டியது. "அதோ பாருங்க சார், அருவி, பள்ளத்தாக்கு! இந்தக் காட்சி வேற எங்க கிடைக்கும்?"

"காட்சியை மெல்ல முடியுமா? சம்பந்தி, நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்காரர். "அருவி பிரமாதம் சம்பந்தி. எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு" என்றார். அவர் வயிறு கடகடவென்று இரைந்தது அடுத்த மேசைக்கே கேட்டது.

எருமை கொம்பை ஆட்டிக்கொண்டு மறுபடி கேட்டது. மறுபடியும் பருந்து ஜன்னலைத்தான் காட்டியது.

காட்டிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வெள்ளையாகிப் போனது. அருவியும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. பருந்து நீட்டிய இறக்கையை மெல்ல மடக்கிக்கொண்டது.

சம்பந்தி முதல்முறையாகக் குனிந்து தட்டைப் பார்த்தார். "ஏன் சம்பந்தி, சாப்பாடு எப்போ வரும்?"

எல்லா மேசையும் அதையே கேட்டது. பருந்து உள்ளே ஓடிப்போய்ப் புல்லுக்கட்டைத் தூக்கிவந்து தட்டுத் தட்டாகக் கொட்டியது.

எருமை தொண்டை வற்றக் கத்தியும் நடக்காத காரியத்தைச் சத்தமே போடாமல் முடித்தது மூடுபனி.