மாமனார் வீட்டுக் கருவி

நிவேதனின் செயற்கை வலக்கை, வாரம் ஒருமுறை தன் மென்பொருளைத் தானே புதிதாகக் கட்டிக்கொள்ளும். அதற்கான, அந்தக் கைக்கென்றே அளவு பார்த்த மென்பொருள் கருவிப்பெட்டி இல்லாமல் அவன் எங்கும் போவதில்லை. பிறந்த மகளைப் பார்க்க விருதுநகரில் மாமனார் வீட்டுக்கு வந்தபோதும் பைக்குள் வைத்திருந்தான். மாப்பிள்ளை சொந்தச் சோப்பு கொண்டுவந்தாலே கோபித்துக்கொள்கிற வீடு அது.

"என்ன மாப்ள, எங்க வீட்டுல இல்லாத கருவியா?" என்றார் மாமனார் ஞானதுரை. "போன தீபாவளிக்குத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் புதுசா போட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. வந்த இடத்தில் மனத்தாங்கல் எதற்கு என்று நிவேதன் பெட்டியை மூடினான். 'இந்த வீட்டுக் கருவிகளையே பயன்படுத்தட்டுமா?' என்று கை கேட்டது. சரி என்றான்.

கட்டி முடித்ததும், பிழை ஏதுமில்லை என்று மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனாலும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தட்டிலிருந்த வாழைப்பழத்தை மெல்ல எடுத்துப் பார்த்தான். அது விரலிடுக்கில் கூழாக வழிந்தது.

அந்நேரம் பார்த்து மனைவி மதுமிதா குழந்தையோடு வந்தாள். "பாப்பா முழிச்சுக்கிட்டா. வாங்கிக்கங்க."

அவன் சட்டென்று பின்வாங்கினான்.

"ஏங்க, பொண்ணுன்னு புடிக்கலையா?" அவள் குரல் உடைந்தது.

நிவேதன் முழங்கைக் கொக்கியை விடுவித்து, செயற்கைக் கையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். இடக்கையை மட்டும் நீட்டினான்.

"தலைய நீ புடிச்சுக்க, மது."

மகள் அவன் மார்பில் சாய்ந்தாள். மாமனார் மேசையையே பார்த்தார். பச்சை விளக்கு எரிய, அந்தக் கை வெறும் காற்றை நெரித்துக்கொண்டிருந்தது.