கை படாத இன்ஜின்

வரவே வராதே என்று தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியும் கலியபெருமாள் வந்து நின்றான். அதுவும் கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையோடு, இன்ஜின் திறக்காத பழைய கார்களுக்கான போட்டி நடக்கும் கடற்கரைச் சாலையில், லூயிசின் காருக்குப் பத்தடி தள்ளி.

லூயிஸ் அவனைத் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்பதே அன்றைக்கு வெளியே தெரியக் கூடாது.

காரின் முன்னால் அவர் எழுதிவைத்திருந்த பலகை அப்படி. '1956, பிரான்ஸ். இந்த இன்ஜின் இன்றுவரை திறக்கப்படவில்லை.' தமிழில் ஒரு முறை, பிரெஞ்சில் ஒரு முறை. பிரெஞ்சு எழுத்து கொஞ்சம் பெரிது.

மூன்று முறை இன்ஜின் வேலைக்குப் போய்வந்த கார் அது. முழுசாகப் பிரித்துப் பூட்டவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஊர்க்கோடி மேட்டுப்பாளையத்தில் கலியபெருமாளின் ஷெட்டில் நாற்பது நாள் நின்றது. தேய்ந்த பிஸ்டன்களைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கலியபெருமாள் காட்டுவான். வெள்ளை பேன்ட் கறையாகும் என்று லூயிஸ் ஷெட்டுப் பக்கமே போனதில்லை.

வேலை முடிந்து வந்த பிறகும் கார் பழையபடியே இருமும். கேட்டால், "பிரெஞ்சு இன்ஜின் முசியே. அது பேச்சே அப்டித்தான்" என்பான். ஊரில் வேறு யாரும் லூயிசை வெள்ளைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி முசியே என்று கூப்பிடுவதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் முப்பது வருஷமாக மெக்கானிக்கை மாற்றவில்லை.

கோப்பை போனால்கூடப் பரவாயில்லை, மானம் போகக் கூடாது. போன வருஷம் இதே போட்டியில் டாக்டர் ஜூலியனின் காரை, திறந்த இன்ஜின் என்று காட்டிக்கொடுத்து விலக்கவைத்தவர் லூயிஸ்தான். போதாததற்கு மைக்கைப் பிடித்து, நேர்மை பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அந்த ஜூலியன் இப்போது நடுவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார், மைக் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு.

நடுவர் லினெட் ரெட்டியார்பாளையத்துக்காரர். பிரான்சில் பழைய கார் மியூசியம் ஒன்றில் வேலை. பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு விளக்கினார்.

"அந்தக் காலத்து ஃபேக்டரில இன்ஜினை முழுசா பூட்டி, மேடையில ஏத்தி, மணிக்கணக்கா ஓடவிட்டுப் பாப்பாங்க. அதுல தேறினாதான் பெயின்ட். போல்ட், ஜாயின்ட் எல்லாத்து மேலயும் ஒரே பூச்சு, தோல் மாதிரி. அப்புறம் யாராச்சும் ஸ்பேனர் வெச்சா அந்தத் தோல் கிழிஞ்சிடும்."

லூயிஸ் இதைப் போன மாதமே எங்கோ படித்துவிட்டு ஷெட்டுக்குப் போன் போட்டிருந்தார். போல்ட் தலைகளுக்கு மட்டும் இன்ஜினின் அதே பச்சைப் பெயின்டில் ஒரு பூச்சு கொடுத்துவிடேன் என்று கெஞ்சினார். கலியபெருமாள் மசியவில்லை, எதுவும் வேண்டாம், தைரியமாகக் கொண்டுபோங்கள், யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்றுவிட்டான். பயலுக்கு அத்தனை கைச்சுத்தம் என்று அவரும் நம்பினார்.

ஜூலியன் தொண்டையைச் செருமினார். "அதோ நிக்கிறாரு பாருங்க, இவரோட மெக்கானிக். அவரையே கேட்டுடலாமே."

லினெட் திரும்பினார். "நீங்க இதைத் தொறந்திருக்கீங்களா?"

கூட்டம் மொத்தமும் கலியபெருமாளைப் பார்த்தது. அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எம் புள்ளைங்க மேல சத்தியமா, நான் தொறந்ததில்லம்மா."

லூயிசுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக, பெற்ற பிள்ளைகள் மேலேயே பொய்ச் சத்தியம் செய்கிறான். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு சீமைச் சரக்கு பாட்டில் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

லினெட் பாய் விரித்துக் காருக்கடியில் படுத்தார். டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக இருபது நிமிஷம். எழுந்து வந்து லூயிசின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கப்பு உங்களுக்குத்தான் சார்."

கைதட்டல் எழுந்தது. ஜூலியனின் முகம் போன போக்கைப் பார்த்ததும் லூயிசுக்குத் துணிச்சல் பொங்கியது. வெற்றியை இன்னும் கொஞ்சம் ருசிக்க ஆசைப்பட்டார்.

"ஏம்மா, தொறந்துட்டு மறுபடியும் பெயின்ட் அடிச்சி உங்களை ஏமாத்த முடியாதா?"

"முடியவே முடியாது சார்." லினெட் தன் போனில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். போல்ட், ஜாயின்ட், பிளாக் எல்லாம் ஒரே பச்சைத் தோல். மயிரிழை விரிசல்கூட இல்லை. "எழுவது வருஷத்துப் பூச்சு இது. ஒரு போல்டைக்கூட யாரும் ஒரு சுத்து திருப்புனதில்ல."

லூயிஸ் படத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மூன்று முறை முழு வேலைக்குக் காசு கொடுத்திருக்கிறார். நூற்றிருபது நாள் ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கிறார்.

திருடா என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ மைக்கைக் கொண்டுவந்து அந்த வாய்க்கு நேராக நீட்டினார்கள். கத்தினால் பலகையில் எழுதியது என்ன எண்ணத்தில் என்று ஊருக்கே சொல்லவேண்டிவரும். லூயிஸ் மைக்கைக் கையால் தள்ளிவிட்டார்.

கலியபெருமாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் காதருகே பணிவாகக் குனிந்தான்.

"பொய்யே சொல்லாம ஜெயிச்சிட்டீங்க முசியே."